மின்பாதைப் பணியில் தொழிற்பழகுநர் பயிற்சியும் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மின்பாதை வேலை கற்க வரும் பிள்ளைகளும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டின் ஒரு கிராமப்புற மின்சாரப் பிரிவு அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, கம்பியாளராகி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வுபெற்றவன் நான். பணியின் கடைசி ஆண்டுகளில் பயிற்சிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் என் பொறுப்பில்தான் இருந்தார்கள்.

தொழிற்பழகுநர் என்பவர் ஊழியரா, மாணவரா?

மாணவர். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: தொழிற்பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர். நிறுவனத்துக்கும் அவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டுப் பதிவாக வேண்டும். பயிற்சிக் காலம் முழுவதும் மாதந்தோறும் உதவித்தொகை தர வேண்டும். 2019-இல் விதிகள் திருத்தப்பட்டபோது ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய் என்று வரையறுத்தார்கள். சேரும்போது நடப்பில் உள்ள தொகை எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத இரண்டு செய்திகள் அதே சட்டத்தில் இருக்கின்றன. இத்தனை கம்பம் நட்டால் இத்தனை ரூபாய் என்று வேலையின் அளவைக் கணக்கிட்டுத் தொழிற்பழகுநருக்குப் பணம் தரக் கூடாது. அரசு நியமித்த தொழிற்பழகுநர் பயிற்சி ஆலோசகரின் அனுமதி இல்லாமல் அவரைக் கூடுதல் நேரம் வேலை வாங்கவும் கூடாது. இவ்விரண்டையும் நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆள் பற்றாக்குறையான ஒரு பிரிவில் சுறுசுறுப்பான பையன் ஒருவன் வந்து சேர்ந்தால், மூன்றாம் மாதமே அவனை முழு ஆளாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. பையனுக்கும் அது பெருமையாக இருக்கிறது. அந்தப் பெருமையைப் போல ஆபத்தானது இந்தத் தொழிலில் வேறில்லை.

சேர்வதற்கு என்ன தகுதி வேண்டும்? பயிற்சி முடிந்தால் வேலை உறுதியா?

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் அடிப்படைத் தகுதிகள். இரண்டுமே இரண்டாண்டுப் படிப்புகள். அதன் பிறகு மத்திய அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிந்து, இடம் தரும் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேரலாம். பட்டயமோ பட்டமோ படித்தவர்களுக்கான பயிற்சியைச் சென்னைத் தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் கவனிக்கிறது. ஆபத்தான தொழில்களைச் சார்ந்த பிரிவுகளில் 18 வயது நிரம்பாதவரைச் சேர்க்கக் கூடாது என்பது 2014-ஆம் ஆண்டுத் திருத்தம்.

வேலை உறுதி இல்லை. ஒப்பந்தத்தில் தனியாக எழுதப்பட்டிருந்தாலொழிய, பயிற்சி முடித்தவருக்கு வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்குச் சட்டப்படி இல்லை. கள உதவியாளர் போன்ற பணியிடங்களுக்குத் தனியாக அறிவிப்பு வரும். தேர்வு எழுதித்தான் உள்ளே போக வேண்டும். ஆனாலும் கையில் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழும் ஓராண்டுக் களப் பழக்கமும் இருப்பவர், வெளியிலேயே மின் ஒப்பந்ததாரர்களிடமும் ஆலைகளிலும் காற்றாலை, சூரிய மின்நிலையங்களிலும் வேலை தேடிக்கொள்ள முடிகிறது.

முதல் மாதங்களில் கம்பம் ஏறவே விடமாட்டார்களா?

விடக் கூடாது என்பது என் கருத்து. முதல் மூன்று மாதம் தரையில் நிற்பவனுக்குக் கற்க ஏராளமாக இருக்கிறது. வீடுகளுக்கு மின்சாரம் தரும் தாழ்வழுத்தப் பாதையில் மூன்று பேஸ் (மின்சாரம் வரும் கம்பிகள்), ஒரு நியூட்ரல் (அது திரும்பிப் போகும் கம்பி), அதோடு தெருவிளக்குக்கென்று தனிக் கம்பி ஒன்றும் ஓடும். எந்தக் கம்பி எது என்று அந்தந்தக் கம்பத்தடியில் நின்று சொல்லத் தெரிய வேண்டும். உயரழுத்தப் பாதை தமிழ்நாட்டில் பெரும்பாலும் 11 ஆயிரம் வோல்ட். கோவை வட்டாரம் போன்ற பகுதிகளில் 22 ஆயிரம். கம்பி கம்பத்தில் படாமல் தாங்கும் இன்சுலேட்டரின் பருமனைப் பார்த்தே இரண்டையும் பிரித்தறியப் பழக வேண்டும். ஜம்பர் (இரு கம்பிகளை இணைக்கும் துண்டுக் கம்பி) எங்கே போடப்பட்டிருக்கிறது, எங்கே வெட்டப்பட்டிருக்கிறது, கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி எந்தப் பக்கத்து இழுவையைத் தாங்குகிறது, ஒரு டிரான்ஸ்பார்மரின் எல்லை எந்தக் கம்பத்தோடு முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பவற்றையெல்லாம் புத்தகத்தில் படிக்க முடியாது. பிரிவின் பாதைகளை நடந்துதான் கற்க வேண்டும். என்னிடம் வந்தவர்களை ஒவ்வொரு ஃபீடராக (துணை மின்நிலையத்திலிருந்து புறப்படும் ஒரு மின்பாதை) கால்நடையாகவே அழைத்துப் போய், வீட்டுக்குப் போனதும் நினைவிலிருந்து படம் வரைந்துவரச் சொல்வேன். இரண்டு ஃபீடர்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தைப் படத்தில் விட்டுவிட்டவன் மறுநாளும் அதே பாதையை நடக்க வேண்டியிருக்கும்.

கயிறு கட்டிச் சாமான்களை மேலே அனுப்புவதும் கீழே நிற்பவனின் வேலைதான். மேலே இருப்பவருக்கு ஸ்பேனரை வீசி எறிவது பழக்கமாகிவிட்ட இடங்களில், கயிற்றைத் தவிர வேறு வழியில் எதையும் அனுப்ப மாட்டேன் என்று தொடக்கத்திலேயே உறுதியாக இருங்கள். மேலே வேலை நடக்கும்போது கம்பத்துக்கு நேர் கீழே நிற்கவும் கூடாது.

லைன் கிளியர் என்பது சரியாக என்ன?

இன்ன மின்பாதையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம், நீங்கள் எழுதித் திருப்பிக் கொடுக்கும்வரை மறுபடி கொடுக்க மாட்டோம் என்று துணை மின்நிலையம் தரும் எழுத்துப்பூர்வமான உறுதியே லைன் கிளியர். பேச்சில் எல்.சி. என்போம். கேட்பவர் அதற்கென அதிகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். துணை மின்நிலையத்தில் மின்சாரத்தை நிறுத்தும் பிரேக்கரைத் திறந்து, பாதையைக் கண்ணுக்குத் தெரியும்படி பிரிக்கும் ஐசொலேட்டரையும் திறந்து, எர்த் செய்து (பாதையைப் பூமியோடு இணைத்து), பூட்டி, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற பலகையைத் தொங்கவிட்ட பிறகே எல்.சி. எண் தரப்படும். அந்த எண்ணும் நேரமும் இரு முனையிலும் பதிவேட்டில் ஏற வேண்டும். யார் பெற்றாரோ அவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதில் தவறு நுழையும் வாசல்கள் எல்லாம் எனக்குப் பழக்கமானவை. ஒரே ஊரின் பெயரில் கிழக்கு, மேற்கு என இரண்டு ஃபீடர்கள் இருக்கும். கைப்பேசியில் சிக்னல் விட்டு விட்டுக் கேட்கும். கேட்டவர் ஒன்றைச் சொல்ல, மறுமுனையில் மற்றொன்றை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் ஃபீடரின் முழுப் பெயரையும் சொல்லி, அதை எதிர்முனையில் திருப்பிச் சொல்லக் கேட்டு, அதன் பிறகே எண்ணை எழுத வேண்டும் என்கிறோம். மற்றொரு வாசல், ஒரே ஃபீடரில் இரண்டு குழுக்கள் வேலை செய்வது. முதல் குழு முடித்துத் திருப்பிக் கொடுத்ததும், இரண்டாவது குழு இன்னும் மேலே இருப்பது மறந்துபோகலாம். இரண்டு எல்.சி.யும் திரும்பி வராமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. மூன்றாவது, எல்லாவற்றிலும் கொடியது: "சரியா ரெண்டு மணிக்குப் போட்டுடு, நாங்க இறங்கிடுவோம்" என்று நேரம் பேசிக்கொள்வது. கடிகாரத்தை நம்பி ஒருவர் கம்பத்தில் இருக்கவே கூடாது. அப்படிப் பேசுவதைக் கேட்டால், நீங்கள் எவ்வளவு இளையவராக இருந்தாலும் அந்தக் கம்பத்தில் கை வைக்காதீர்கள்.

டிரான்ஸ்பார்மரில் வேலை என்றால் ஏபி சுவிட்சைத் திறந்துவிட்டால் போதாதா?

ஏபி சுவிட்ச் என்பது டிரான்ஸ்பார்மருக்கு வரும் மூன்று உயரழுத்தக் கம்பிகளையும் மேலே மூன்று பிளேடுகளால் பிரிப்பது; கீழே உள்ள கைப்பிடியால் இயக்குவோம். ஆனால் கைப்பிடியைக் கீழே இழுத்துவிட்டோம் என்பதும் சுவிட்ச் திறந்துவிட்டது என்பதும் ஒன்றாகிவிடாது. இதை நான் கற்ற நாள் இன்றும் கண்முன் நிற்கிறது.

நான் உதவியாளராக இருந்த காலம். மாலை மங்கிய நேரத்தில் ஒரு கிராமத்து டிரான்ஸ்பார்மரில் ஜம்பர் எரிந்துவிட்டதாகப் போயிருந்தோம். என்னோடு வந்த கம்பியாளர் அண்ணன் முதலில் தாழ்வழுத்தப் பியூஸ்களைப் பிடுங்கிப் பளுவை நீக்கினார். ஏபி சுவிட்ச் பளுவோடு திறப்பதற்கானது இல்லை. பிறகு என்னைக் கைப்பிடியை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். மேலே 'டக்' என்று சத்தம் கேட்டது. "எத்தன பிளேடு பிரிஞ்சிருக்கு?" என்றார். நான் அண்ணாந்து பார்க்காமலே "மூணும்ணே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை என் கையில் கொடுத்தார். வெளிச்சத்தை ஒவ்வொரு பிளேடாக நகர்த்தினேன். முதலாவது பிரிந்திருந்தது, இரண்டாவதும் பிரிந்திருந்தது. மூன்றாவது, பல நாள் பொறி பறந்து, பிளேடு போய்ப் பொருந்தும் தாடை உருகியதால், அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. பிளேடைத் தாங்கிய இன்சுலேட்டர் மட்டும் பாதி திரும்பி விரிசல் விட்டிருந்தது. கைப்பிடியோ முழுதாகக் கீழே இறங்கியிருந்தது. அந்த நிலையில் ஏறியிருந்தால் அந்த ஒரு கம்பியில் 11 ஆயிரம் வோல்ட் காத்திருந்திருக்கும். அண்ணன் துணை மின்நிலையத்தை அழைத்து ஃபீடருக்கே எல்.சி. வாங்கினார். அன்று இரவு வீடு திரும்பும்வரை அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

ஆகவே மூன்று பிளேடுகளும் பிரிந்து நிற்பதைத் தனித்தனியாகக் கண்ணால் பாருங்கள். இருட்டாக இருந்தால் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். கைப்பிடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வேலை செய்பவரின் பையிலேயே வையுங்கள். திறந்த சுவிட்சுக்கு மேல்பக்கத்து முனைகளில் இன்னும் மின்சாரம் இருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மின்சாரத்தை நிறுத்திய கம்பியில் மறுபடி மின்சாரம் எங்கிருந்து வரும்?

பல வழிகளில் வரும். பயிற்சிக்கு வருபவர்கள் இதைத்தான் கடைசியாக நம்புகிறார்கள்.

முதலாவது, வீட்டு ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும். வெளி மின்சாரத்தைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் நேரடியாக வீட்டு வயரிங்கில் கொடுத்துவிட்டால், அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குத் திரும்பி வருகிறது. லைனில் இதை 'ரிட்டர்ன்' என்பார்கள். தெருக் கம்பியிலிருந்து டிரான்ஸ்பார்மருக்குள் போனால், 11 ஆயிரத்தை 230 ஆக இறக்கும் அதே டிரான்ஸ்பார்மர் தலைகீழாக வேலை செய்து, 230-ஐப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றி உயரழுத்தப் பாதைக்கு அனுப்பிவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு டெல்டா மாவட்டங்களில் கம்பங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்துகிடந்தன. அண்டை மாநிலங்களிலிருந்தும் லைன்மேன்கள் வந்து வேலை செய்தார்கள். மாவட்டமே இருட்டாக இருந்தாலும், தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பேசிக்கும் ஊரெங்கும் ஜெனரேட்டர்கள் ஓடும் நாட்கள் அவை. ஊரே இருண்டிருக்கிறது, கம்பியில் என்ன வரப்போகிறது என்ற நினைப்பு அப்படிப்பட்ட நாட்களில்தான் ஆளைக் கொல்கிறது.

இரண்டாவது வழி, நம் கிராமங்களில் நான் அதிகம் கண்டது. டிரான்ஸ்பார்மரில் மூன்று பியூஸ்களில் ஒன்றை மட்டும் பிடுங்கிவிட்டு அந்தப் பேஸில் வேலை செய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பாதையில் மூன்று பேஸ் மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், மீதி இரண்டு பேஸின் மின்சாரம் அதன் சுற்றுகள் வழியாகவே மூன்றாவது கம்பிக்கு ஏறிவிடும். பம்புசெட் நிறைந்த பாதையில் ஒரு பியூஸைப் பிடுங்குவது எதையும் பிடுங்காததற்குச் சமம். மூன்றையும் பிடுங்கிக் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

தெருவிளக்குக் கம்பி வேறு இடத்திலிருந்து மின்சாரம் பெறுவது, இரண்டு டிரான்ஸ்பார்மர்களின் எல்லைக் கம்பத்தில் அடுத்ததன் ஜம்பர் தொட்டுக்கொண்டிருப்பது, பக்கத்தில் ஓடும் 110 ஆயிரம் வோல்ட் பாதையின் தூண்டலால் நம் பாதையில் மின்னழுத்தம் எழுவது, தொலைவில் எங்கோ விழும் இடி என இன்னும் பல உண்டு. கூரைச் சூரியத் தகடுகள் பெருகிவிட்டன. வெளி மின்சாரம் நின்றால் தாமாக நின்றுவிடும்படி அமைந்த இன்வெர்ட்டர்களே அவற்றில் பொருத்தப்படுகின்றன. இருந்தாலும் எல்லா வீட்டிலும் எல்லாக் கருவியும் ஒழுங்காக வேலை செய்யும் என்று உயிரைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

இவ்வளவுக்கும் விடை ஒன்றுதான்: வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த்.

எர்த் ராடு போடும் முறை என்ன?

முதலில் சோதிக்க வேண்டும். மின்னழுத்தம் காட்டும் கருவியை, மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் முதலில் காட்டி அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, நம் கம்பியில் காட்டி, பிறகு மறுபடி உறுதியான இடத்தில் காட்ட வேண்டும். கருவியின் பேட்டரி தீர்ந்திருந்தாலும் அது 'மின்சாரம் இல்லை' என்றுதான் காட்டும்.

எர்த் ராடு என்பது கம்பியைப் பூமியோடு இணைக்கும் கருவி. அடுத்து அதன் தரை முனையை முதலில் பூமியோடு இறுக்கமாக இணைக்க வேண்டும். அதன் பிறகே நீண்ட கழியால் மேல் முனையைக் கம்பியில் மாட்ட வேண்டும். மூன்று கம்பிகளுக்கும் மாட்ட வேண்டும். எடுக்கும்போது வரிசை தலைகீழாகும்: கம்பியிலிருந்து முதலில், தரையிலிருந்து கடைசியில். தரை முனையை இணைக்காமல் கம்பியில் மாட்டியவரின் கையில் இருப்பது பாதுகாப்பு இல்லை, மின்சாரம் இறங்கிவரக் கிடைத்த பாதை. இந்த வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்று என் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன்.

வேலையிடத்தின் ஒரு பக்கம் மட்டும் எர்த் போட்டால், மறுபக்கத்து ஜெனரேட்டருக்கு நாம்தான் முதலில் அகப்படுவோம். எர்த் போடும்வரை கம்பி உயிரோடு இருப்பதாகவே கருத வேண்டும். யார் என்ன சொல்லியிருந்தாலும் சரி.

தாழ்வழுத்தம் 230 வோல்ட்தானே, அதற்கும் இவ்வளவு முன்னெச்சரிக்கை வேண்டுமா?

உடம்பைக் கொல்வது அதன் வழியே ஓடும் மின்னோட்டம். சுமார் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகத் தொடங்கும். 50 முதல் 100 மில்லி ஆம்பியர் மார்பு வழியே ஓடினால் இதயத் துடிப்பு ஒழுங்கு குலைந்து நின்றுவிடலாம். வியர்வையில் நனைந்த உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் ஓடும். கணக்கு அவ்வளவுதான். உயரழுத்தத்துக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். 'லைட்டா அடிக்கும்' என்று தாழ்வழுத்தத்தில் வெறுங்கையால் இணைப்புக் கொடுத்துப் பழகிய திறமைசாலிகளை நான் இழந்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்குப் பொறுமையாகத்தான் பதில் சொல்கிறேன்.

கையுறை, தலைக்கவசம், பெல்ட் பற்றி?

ரப்பர் கையுறைகள் வகுப்பு வாரியாக வரும். ஆயிரம் வோல்ட்வரை 0 வகுப்பு, 11 ஆயிரம் வோல்ட் பாதைக்கு 2-ஆம் வகுப்பு, 22 ஆயிரத்துக்கு 3-ஆம் வகுப்பு. ஒவ்வொரு முறையும் போடும் முன் மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து, காதருகே பிடித்துக் காற்றுக் கசிகிறதா என்று கேட்க வேண்டும். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும். ரப்பர் கிழியாமலிருக்க மேலே தோல் கையுறை அணிவார்கள். தோல் கையுறை மட்டும் போட்டுக்கொண்டு மின்சாரத்தைத் தொடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். கையுறை அணிந்திருப்பதால் எல்.சி.யும் எர்த்தும் வேண்டாம் என்றும் ஆகாது.

பெல்ட்டைப் பொறுத்தவரை, இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பட்டையைவிட முழு உடல் ஹார்னஸ் மேலானது. தலைக்கவசத்தின் தாடைப் பட்டையை மாட்டாதவரின் கவசம் அவருக்கு முன்பே தரைக்கு வந்துவிடும்.

கம்பம் ஏறும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

அடியைப் பாருங்கள். இரும்புக் கம்பமானால் மண்ணைத் தொடும் இடத்தில்தான் துரு அரிக்கும். மேலே வண்ணம் பளபளவென்றிருக்கும், கீழே தகடு காகிதமாகியிருக்கும். சிமென்ட் கம்பத்தில் விரிசலும் உள்ளே கம்பி தெரிவதும் அறிகுறிகள். கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். பக்கத்தில் கால்வாயோ குழியோ தோண்டியிருந்தால் அந்தக் கணக்கு போய்விட்டது என்று பொருள். ஸ்டே கம்பி தளர்ந்திருக்கிறதா என்று கையால் தட்டிப் பாருங்கள். முக்கியமாக, ஒரு பக்கக் கம்பியை அவிழ்க்கப் போகிறோம் என்றால், எதிர்ப்பக்கத்து இழுவை கம்பத்தை என்ன செய்யும் என்பதை ஏறும் முன்பே யோசித்துத் தற்காலிக ஸ்டே கட்ட வேண்டும். ஆளோடு சாய்ந்த கம்பங்களில் பல, இந்த யோசனை இல்லாமல் சாய்ந்தவை. அலுமினிய ஏணியை மின்பாதை அருகே கொண்டுவரவே கூடாது.

ஒருவருக்கு மின்சாரம் தாக்கிவிட்டால்?

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். நிறுத்தாமல் தொட்டவர் இரண்டாவது ஆளாக விழுவார். தாழ்வழுத்தத்தில் உலர்ந்த மரக்கழியால் அகற்ற முயலலாம். உயரழுத்தத்தில் துணை மின்நிலையம் நிறுத்தும்வரை கிட்டே போகக் கூடாது. கம்பத்தில் ஹார்னஸில் தொங்குபவரை, மின்சாரம் நின்றது உறுதியானதும் தாமதிக்காமல் இறக்க வேண்டும். எப்படி இறக்குவது என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே மணல் மூட்டையைக் கட்டி ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

மூச்சும் அசைவும் இல்லையென்றால் உடனே மார்பை அழுத்தத் தொடங்குங்கள். மார்பின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம், பழகியவர் 30 அழுத்தலுக்கு 2 மூச்சுத் தரலாம். மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும். மின்னதிர்ச்சிக்கு முதலுதவி செய்யும் முறையைப் படத்தோடு காட்டும் பலகை துணை மின்நிலையங்களில் மாட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கடந்து போகாமல், ஒரு நாள் நின்று முழுவதும் படியுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். உள்காயமும் இதயக் கோளாறும் பிறகு தெரியவரலாம், மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

அறுந்து விழுந்த கம்பியின் அருகே நிற்க நேர்ந்தால், மண்ணிலேயே மின்னழுத்தம் பரவியிருக்கும். அகலக் கால் வைத்து ஓடினால் இரு பாதங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு உடம்பு வழியே ஓடும். பாதங்களை ஒன்றோடொன்று ஒட்டி, சிறிது சிறிதாகத் தேய்த்து நகர்ந்து விலகுங்கள்.

மூத்தவர் ஒருவர் எர்த் போடாமல் ஏறச் சொன்னால் எப்படி மறுப்பது?

எல்லாக் கேள்விகளிலும் கடினமானது இதுதான். அவர் உங்களுக்குத் தொழில் சொல்லித்தருபவர். அண்ணன் என்று கூப்பிடுகிறீர்கள். மதிய உணவைப் பகிர்ந்து தின்றிருக்கிறீர்கள். மறுப்பது முகத்தை முறிப்பதாகத் தோன்றும். மறுப்பை வேலையாக மாற்றிவிடுங்கள் என்பதே என் யோசனை. "ஏற மாட்டேன்" என்பதற்குப் பதிலாக, "அண்ணே, ராடு வண்டியிலதான் இருக்கு, போட்டுட்டு ஏறிடுறேண்ணே" என்று சொல்லி, எடுக்கப் போய்விடுங்கள். பத்தில் எட்டுப் பேர் அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மீதி இருவர் அதட்டினால், அப்போது நேராகவே மறுத்துவிட்டு உதவிப் பொறியாளரிடம் சொல்லுங்கள். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகள் உங்கள் பக்கம் நிற்கின்றன: அதற்கென எழுத்துப்பூர்வமாக நியமிக்கப்படாதவர் மின்பாதையில் வேலை செய்யக் கூடாது. தொழிற்பழகுநர் தனியாக ஏறுவது அந்த விதிக்கு எந்த வகையிலும் பொருந்தாது.

மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் வரும் பையன் நீங்கள் சொல்வதைவிடச் செய்வதைத்தான் கற்கிறான். நீங்கள் ஒரு முறை எர்த் போடாமல் ஏறி நலமாக இறங்கிவிட்டால், அதைப் பாடமாகவே எடுத்துக்கொள்வான்.

பயிற்சியில் காயம் பட்டால் இழப்பீடு உண்டா?

உண்டு. பயிற்சியின்போதும் பயிற்சியின் காரணமாகவும் நேரும் காயத்துக்கு நிறுவனமே இழப்பீடு தர வேண்டும் என்பது 1961 சட்டத்தின் 16-ஆம் பிரிவு. தொழிலாளி இல்லை என்பதைக் காட்டி இதை மறுக்க முடியாது. மின் விபத்தை, உயிரிழப்பானால் 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. சிறு காயம்தானே என்று எழுதாமல் விட்டுவிடாதீர்கள். எழுத்தில் இல்லாத காயத்துக்குப் பிறகு சான்று கிடைக்காது.

பெண்கள் இந்தத் தொழிலுக்கு வரலாமா?

வரலாம், வந்துகொண்டிருக்கிறார்கள். தெலங்கானாவில் உயர் நீதிமன்றம் வழிவிட்ட பிறகு, கம்பம் ஏறும் தேர்வில் வென்ற பெண் ஒருவர் 2021-இல் இளநிலை லைன்மேனாகப் பணியில் சேர்ந்தார். கம்பம் ஏறுவதற்குத் தேவை பழக்கமும் உடல் சமநிலையும். நிறுவனங்கள் முதலில் செய்ய வேண்டியது, அவர்களின் அளவுக்கேற்ற ஹார்னஸும் கையுறையும் வாங்கிவைப்பது. விரல் நுனியில் இரண்டு அங்குலம் தொங்கும் கையுறையோடு யாராலும் நட்டை முடுக்க முடியாது.

மின்சாரத்தை நிறுத்தாமலே வேலை செய்கிறார்களே, அதைக் கற்கலாமா?

ஹாட்லைன் வேலை முற்றிலும் தனித் துறை. அதற்கான கழிகள், காப்பு உடைகள், ஆளை மேலே தூக்கும் வாளி வண்டிகள் எல்லாம் தனி. பெங்களூரில் தேசிய மின்துறைப் பயிற்சி நிறுவனத்தின் ஹாட்லைன் பயிற்சி மையம் இருக்கிறது. பல ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு அங்கே போங்கள். தொழிற்பழகுநர் அதைப் பார்க்கலாம், தொடக் கூடாது.

பயிற்சிக் குறிப்பேட்டில் என்னதான் எழுதுவது?

பலர் 'இன்று இன்சுலேட்டர் மாற்றப்பட்டது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நான் கேட்டது வேறு. எந்த ஃபீடர், எல்.சி. எண் என்ன, யார் பெற்றார், எத்தனை மணிக்கு. ஏபி சுவிட்சின் மூன்று பிளேடுகளையும் பார்த்தவர் யார். எர்த் ராடு எந்தெந்தக் கம்பத்தில் போடப்பட்டது. மேலே எத்தனை பேர் ஏறினார்கள், எல்.சி. திருப்பும் முன் எத்தனை பேர் தரையில் எண்ணப்பட்டார்கள். என்னிடம் பயிற்சி பெற்ற ஒரு பையனின் குறிப்பேட்டை இன்னும் வைத்திருக்கிறேன். மழை பட்டு மை கலைந்த ஒரு பக்கத்தின் கடைசி வரி இப்படி இருக்கிறது: "ராடு போட்டது 2 செட், எடுத்தது 2 செட். ஏறியது 3 பேர், இறங்கியது 3 பேர். எல்.சி. திருப்பியது மாலை 4.40."